வாங்கியவனுக்கே சொந்தம்

வீடியோ விளையாட்டுக் கடைகளைப் பற்றி எழுத ஒரு நாவலாசிரியனுக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். கதை எழுதுகிறவன் கதையைத் தவிர வேறெதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் நம் வாசகர்களிலே எப்போதும் உண்டு. அவர்களுக்கு என் பதில் இதுதான்: அமெரிக்காவில் பழைய வீடியோ விளையாட்டுக்களை வாங்கி விற்கிற ஒவ்வொரு சின்னக் கடையும் எந்த உரிமையின் மீது நிற்கிறதோ, அந்த உரிமையே ஒரு நாவலை விற்ற வழக்கிலேதான் பிறந்தது. ஆகவே இது என் தொழிலைச் சேர்ந்த விவகாரந்தான்.

1904ஆம் வருஷம் ஹாலி எர்மினி ரைவ்ஸ் என்ற பெண்மணி எழுதிய 'தி காஸ்ட்அவே' என்ற நாவலை, பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகத்தார் வெளியிட்டார்கள். புத்தகத்துக்கு உள்ளேயே ஓர் எச்சரிக்கையை அச்சடித்தார்கள். விலை 1 டாலர். எந்த வியாபாரியாவது இதற்குக் குறைத்து விற்றால் அது பதிப்புரிமையை மீறிய குற்றமாகும் என்பது அதன் சாரம். நியூயார்க்கின் மேசீஸ் கடைக்காரர்கள் அதே புத்தகத்தை 89 சென்டுக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1908இல் தீர்ப்பு வந்தது. முதல் தடவை விற்றுக் காசை வாங்கிக்கொண்ட பிறகு, அந்தப் பிரதியை யார், யாருக்கு, என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் பதிப்புரிமைக்காரருக்குக் கிடையாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தக் கொள்கை பிற்பாடு அந்நாட்டுச் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

வேடிக்கையைப் பாருங்கள். இன்று சின்னக் கடைக்காரன் எந்த உரிமையால் பிழைக்கிறானோ, அந்த உரிமைக்காக அன்று வழக்காடி வென்றது ஒரு பிரம்மாண்டமான கடை! பெரியது என்பதாலேயே ஒன்று பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. யார் வென்றார்கள் என்பதல்ல முக்கியம். எது வென்றது என்பதே முக்கியம். விலை கொடுத்து வாங்கியவனுக்கே பொருள் சொந்தம் என்ற எளிய நியாயம் வென்றது. படித்து முடித்த புத்தகத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், பேத்திக்கு வைத்துவிட்டுப் போகலாம். விளையாடி முடித்த விளையாட்டுக்கும் அதே நியாயந்தான். ஜப்பானிலும் இதே சண்டை நடந்தது. பழைய விளையாட்டுக்களை விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் கடைக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கடைக்காரர்கள் பக்கமே நின்றது.

இந்த நியாயத்தை இன்று யார் காப்பாற்றுகிறார்கள், யார் விற்றுத் தின்றார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் பிள்ளைகளைக் குடிவைத்திருக்கிற நம்மவர்களில் பலருக்கு 'கேம்ஸ்டாப்' என்ற பெயர் தெரிந்திருக்கும். ஊருக்கு ஊர், ஒரே மாதிரிப் பலகை, ஒரே மாதிரி அலமாரி, ஒரே மாதிரிப் பேச்சு. ஆனால் இந்தச் சங்கிலி ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1984இல் டல்லாஸ் நகரில் 'பாபேஜஸ்' என்ற பெயரில் ஒரு மென்பொருள் கடை தொடங்கியது. 1988இல் மின்னசோட்டாவில் டேவிட் பொமிஜே என்பவர் பழைய விளையாட்டுக்களை வாங்கி விற்கும் தொழிலைத் தொடங்கினார். அதுவே 'ஃபங்கோலாண்ட்' கடைகளாக வளர்ந்தது. அங்கே வாங்குவதற்கு முன் விளையாடிப் பார்க்கலாம். எதற்கு என்ன விலை என்று அச்சடித்த தாளையே கையில் கொடுத்தார்கள். பார்ன்ஸ் அண்டு நோபிள் என்ற புத்தகக்கடைச் சங்கிலி 1999இல் முதலாவதையும், 2000இல் இரண்டாவதையும் விழுங்கியது. இரண்டும் சேர்ந்து கேம்ஸ்டாப் ஆயிற்று. 2005இல் அது எலக்ட்ரானிக்ஸ் பூட்டிக் என்ற தன் பெரும் போட்டியாளரை 144 கோடி டாலருக்கு விழுங்கியது. ஒரு காலத்தில் உலகெங்கும் 7,000க்கும் அதிகமான கடைகள் அதற்கு இருந்தன.

மீன் மீனை விழுங்குவது வியாபாரத்தின் இயல்பு என்பீர்கள். சரி. விழுங்கிய பிறகு வாடிக்கையாளரை எப்படி நடத்தினார்கள் என்று பார்ப்போம்.

2011இல் 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதன் கம்ப்யூட்டர் பிரதியின் பெட்டிக்குள் தயாரிப்பாளர்கள் ஒரு கூப்பனை வைத்திருந்தார்கள். ஆன்லைவ் என்ற நிறுவனத்தின் வழியாக அதே விளையாட்டை இலவசமாக ஆடலாம் என்ற கூப்பன். ஆன்லைவ் தங்களுக்குப் போட்டி என்று கருதிய கேம்ஸ்டாப் தலைமையகம், புதுப் பெட்டிகளைத் திறந்து கூப்பனை எடுத்துவிடும்படி ஊழியர்களுக்கு உத்தரவு போட்டது. திறந்த பெட்டி புதுப் பெட்டி விலைக்கே விற்றது! விஷயம் வெளியே வந்து நாறியபின் மன்னிப்பும் பரிசுச் சீட்டும் வந்தன. தபால்காரர் உறையைப் பிரித்து உள்ளே இருந்த நோட்டை எடுத்துவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் சொல்லுவோம்?

2017 பிப்ரவரியில், வீடியோ விளையாட்டுச் செய்திகளை வெளியிடும் கொட்டாக்கு பத்திரிகையில் இன்னொன்று வந்தது. கடை ஒவ்வொன்றும் இத்தனை சதவீதம் பழைய சரக்கு விற்றாக வேண்டும், இத்தனை முன்பதிவு பிடித்தாக வேண்டும், இத்தனை உறுப்பினர் அட்டை தள்ளியாக வேண்டும் என்று ஒரு திட்டம் இருந்ததாம். புதுச் சரக்கை விற்றால் பழைய சரக்கின் சதவீதம் குறையும். அதனால் புதியது பின்கட்டில் இருக்கும்போதே 'இல்லை' என்று வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதாக ஊழியர்களே கூறினார்கள். அந்த இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவனைப் பொய் சொல்ல வைப்பவன்தான் குற்றவாளி.

எழுதுகிறவன் என்ற முறையில் என்னை அதிகம் சுட்டது 2024 ஆகஸ்டில் நடந்தது. ஃபங்கோலாண்ட் நாட்களில், 1991இல், தொடங்கிய 'கேம் இன்ஃபார்மர்' என்ற பத்திரிகை 33 வருஷம் வெளிவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதை மூடினார்கள். மூடியது கூடப் போகட்டும். இணையத்தில் இருந்த அத்தனை வருஷத்துக் கட்டுரைகளையும் ஒரே வீச்சில் எடுத்துவிட்டு, ஒரு விடைபெறும் குறிப்பை மட்டும் வைத்தார்கள். 2025 மார்ச்சில் வேறொரு நிறுவனம் வாங்கி அதற்கு உயிர் கொடுத்தது என்பது வேறு கதை. விடைபெறுகிறவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம். எரித்துவிட்டுப் போகிற உரிமையை யார் கொடுத்தது?

இப்போது அந்தச் சங்கிலியே கழன்றுகொண்டிருக்கிறது. 2021 ஜனவரியில் அதன் பங்குகளைச் சூதாட்டக் காய்களாக வைத்து உலகமே ஆடியது. 2025 மே மாதம் அது 4,710 பிட்காயின்களை வாங்கி வைத்துக்கொண்டது. 2025 பிப்ரவரி 1ஆம் தேதியோடு முடிந்த ஒரே நிதியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 590 கடைகளை மூடியது. விளையாட்டு விற்ற கடைக்கு விளையாட்டைத் தவிர மற்றதெல்லாம் தொழிலாகிவிட்டது.

இதைக் கண்டு கைதட்டுகிறவர்கள் உண்டு. 'கடை என்பதே பழங்காலத்துச் சமாசாரம். பொத்தானை அழுத்தினால் விளையாட்டு வீட்டுக்கே வந்து இறங்குகிறது. இனி எதற்கு அலமாரியும் தூசியும்?' என்கிறார்கள். என் சண்டை சங்கிலிக் கடையோடு பாதி என்றால், இவர்களோடு மீதிப் பாதி.

பொத்தானை அழுத்தி இறக்குகிறீர்களே, அது உங்களுடையதா? 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் விற்றது. 2024 மார்ச் 31ஆம் தேதி அதை நடத்திய கணினிகளை நிறுத்தியது. காசு கொடுத்தவர்களின் கையிலிருந்தது அத்தோடு செத்தது. நின்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டு பெட்டிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் இழுத்து மூடியது. டிஸ்க்கோ காட்ரிட்ஜோ இல்லாமல் அங்கே மட்டுமே விற்ற விளையாட்டுக்களை இனிமேல் நேர் வழியில் வாங்க இடமில்லை. கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டமே போட்டது. நாளை பறித்துவிடக்கூடிய அனுமதியை விற்கிறவர், அது வெறும் அனுமதிதான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது அந்தச் சட்டம். 2025 ஜனவரி 1 முதல் அது அமுலில் இருக்கிறது. 'வாங்கு' என்ற ஒரு வினைச்சொல்லைக் காப்பாற்றச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்றால், மொழிக்கும் நேர்மைக்கும் எவ்வளவு ஆபத்து வந்திருக்கிறது என்று யோசியுங்கள்.

பெட்டியில் வருகிற சரக்கும் மெல்ல மெல்லக் காலியாகிறது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் புதிய கருவிக்கு, உள்ளே விளையாட்டே இல்லாத அட்டைகள் பல விற்கின்றன. அட்டை வெறும் சாவி. வீடு எங்கோ ஒரு கம்பெனியின் கணினியில் இருக்கிறது. 2024இல் வந்த ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோ என்ற விலையுயர்ந்த கருவியில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுக்களில் 87 சதவீதம் இன்று சந்தையில் புதிதாகக் கிடைப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. தயாரித்தவர்கள் கைவிட்டுவிட்ட அந்த 87ஐ யார் வைத்திருக்கிறார்கள்? சில நூலகங்கள், சில சேகரிப்பாளர்கள், அப்புறம் அந்தச் சின்னக் கடைக்காரர்கள்.

ஆகவே நான் சொல்லுவது இதுதான். சங்கிலிக் கடையிடமிருந்து தப்பிப் பொத்தானிடம் ஓடுவது, அநியாய வட்டிக்காரனிடமிருந்து தப்பி வீட்டையே எழுதி வாங்குகிறவனிடம் ஓடுவது போன்றது. தனித்து நிற்கிற கடையைத் தேடிப் போவதுதான் வழி.

அந்தக் கடை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நியூஜெர்சியில் என் மகள் வீட்டில் ஒரு கோடைகாலம் இருந்தேன். என் மாப்பிள்ளை அங்கேயே வளர்ந்தவர். சின்ன வயதில் அவர் ஆடிய ஒரு போக்கிமான் காட்ரிட்ஜை என் பேரனுக்குக் கொடுத்திருந்தார். பையன் ராத்திரி ஆடியது காலையில் நிற்காது. அணைத்தால் அத்தனையும் மறந்துபோகும். பக்கத்து வணிக வளாகத்தில் இருந்த ஒரு பெரிய சங்கிலிக் கடைக்குப் போனோம். கல்லாவில் நின்ற பையன் மரியாதையாகத்தான் பேசினான். "இது ரொம்பப் பழசு சார், இதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. புதிய பதிப்பு வந்திருக்கிறது, முன்பதிவு செய்கிறீர்களா?" என்றான். இரண்டு நிமிஷத்துக்குள் மூன்று தடவை உறுப்பினர் அட்டையைப் பற்றிச் சொன்னான்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் வேறொரு கடையைச் சொன்னார். ஒரு சலவைக்கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவே இருந்தது. உள்ளே தரையிலிருந்து கூரை வரை காட்ரிட்ஜ்கள். கடைக்காரர் நடுவயதுக்காரர். பேரன் கையிலிருந்ததை வாங்கி, விசேஷமான ஒரு திருப்புளியால் திறந்தார். உள்ளே ஒரு பச்சைப் பலகை. அதில் காசு அளவுக்கு ஒரு பாட்டரி. "தம்பி, இதோ பார். இந்த விளையாட்டின் ஞாபகம் இந்தப் பாட்டரியில்தான் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேலே உழைத்துவிட்டது, பாவம்" என்று அவர் சொன்னதை மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்தார். பழையதைச் சூடுகாட்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டவைத்தார். சில டாலர்களே வாங்கினார். எந்த அட்டையையும் நீட்டவில்லை. பேரன் அந்தப் பச்சைப் பலகையை ஒரு கடிகாரத்தின் உட்புறத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான். பொருள் என்பது பழுதாகும், பழுதைச் சரிசெய்யவும் முடியும் என்பதை எந்தப் பள்ளிக்கூடமும் அவனுக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்திருக்காது.

சரி, இப்படிப்பட்ட கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய பலகையைப் பார்த்துப் போகிற பழக்கத்தை முதலில் விடுங்கள். வாடகை அதிகமான வளாகங்களில் இவர்கள் இருக்க மாட்டார்கள். ஒதுக்குப்புறத் தெருவில், காமிக்ஸ் புத்தகக் கடைக்கும் பழைய இசைத்தட்டுக் கடைக்கும் பக்கத்தில் இருப்பார்கள். அந்தக் கடைக்காரர்களைக் கேட்டாலே வழி சொல்லுவார்கள். ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் ஆண்டுதோறும் பழைய விளையாட்டுக்களுக்கென்றே கண்காட்சி நடக்கிறது. வேறு பல ஊர்களிலும் இது போன்றவை உண்டு. அங்கே மேஜை போட்டு உட்காருகிறவர்களில் பலர் எங்கோ ஒரு சின்னக் கடைக்குச் சொந்தக்காரர்கள். சியாட்டிலின் பிங்க் கொரில்லா போன்ற சில கடைகள் நாடு முழுதும் பெயர் வாங்கியிருக்கின்றன. சிறியது என்றால் பெயரற்றது என்று அர்த்தமில்லை.

கண்டுபிடித்த பிறகு சோதித்துப் பாருங்கள். சின்னக் கடைக்காரர்கள் எல்லோரும் தர்மராஜாக்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவர்களிலும் கொள்ளை விலை சொல்லுகிறவர்கள் உண்டு. போலிக் காட்ரிட்ஜை அசல் என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். இதைத் திறந்து உள்பலகையைக் காட்டுவீர்களா? ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாமா? வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்? நல்ல கடைக்காரர் மூன்றுக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுவார். முகம் சுளிக்கிறவரிடம் வாங்காதீர்கள். உங்களிடமிருந்து பழையதை வாங்கும்போது ரொக்கத்துக்கு ஒரு விலையும், கடைக் கணக்குக்கு ஒரு விலையும் சொல்லுவார். கணக்கு விலை கூடுதலாக இருக்கும். இது ஏமாற்றல்ல, அந்தத் தொழிலின் வழக்கம். புதுச் சரக்கில் அவருக்குக் கிடைப்பது சொற்பம். பழையதில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது.

'ஐந்து டாலர் கூடக் கொடுக்க வேண்டியிருக்கிறதே' என்பார்கள் கணக்குப் பார்க்கிறவர்கள். கொடுங்கள். அந்த ஐந்து டாலர் தர்மமல்ல. பாட்டரி மாற்றத் தெரிந்த ஒரு கைக்கும், பொய் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தமில்லாத ஒரு வாய்க்கும் நீங்கள் கொடுக்கிற கூலி. நாளைக்கு உங்கள் விளையாட்டை நீங்களே திருப்பி விற்க வேண்டுமென்றால் அதை வாங்க ஒரு வாசல் திறந்திருக்க வேண்டுமே, அந்த வாசலுக்கான வாடகையும் அதுதான்.

கடைசியாக, நம்மில் பெரியவர்கள் சிலர் சொல்லுவது என் காதில் விழாமலில்லை. 'விளையாட்டுப் பொம்மைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? அது ஒழிந்தால் பிள்ளைகள் படிக்குமே!' என்கிறார்கள். நாவலைப் பற்றியும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று தலையணைக்கடியில் ஒளித்து வைத்துப் படிக்க விட்ட வீடுகளை உங்களில் பலர் அறிவீர்கள். உங்களுக்கு வீடியோ விளையாட்டுப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கே அதிலே பாதி புரிவதில்லை. ஆனால் விளையாட்டில் இன்று பழகிப் பார்க்கிறதை நாளை புத்தகத்திலும் செய்வார்கள், செய்தும் விட்டார்கள். 2009இல் அமேஸான் நிறுவனம், உரிமையில்லாதவர் விற்ற பிரதிகள் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்களைக் காசு கொடுத்தவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. பிறகு வருத்தம் தெரிவித்தது. வருத்தம் இருக்கட்டும். அலமாரியில் இருக்கிற காகிதப் புத்தகத்தை எடுக்க வேண்டுமென்றால் ஒருவன் உங்கள் வாசற்கதவைத் தட்டியாக வேண்டும். அந்தக் கதவு உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

வேண்டுமென்றால், அடுத்த தடவை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வாங்கிக் கொடுக்கக் கிளம்பும்போது, கையில் பிடிக்கக்கூடிய ஒன்றை, முகம் தெரிந்த ஒருவரிடம் வாங்குங்கள். நாளைக்கு அவர்கள் அதை விற்கட்டும், இரவல் கொடுக்கட்டும், தொலைக்கக்கூடச் செய்யட்டும். சொந்தப் பொருளைத் தொலைக்கிறவனுக்கு இருக்கிற அந்தஸ்து, பிறத்தியார் பொருளுக்கு மாதா மாதம் வாடகை கட்டுகிறவனுக்குக் கிடையாது.